சம்பந்தியோடு எடுத்த ஜாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியிடமிருந்து போன் வந்தது.

"ஒரு ஜாக்கெட் எடுக்கணும் சம்பந்தி. கூட வாரீங்களா? உங்களுக்கும் ஒண்ணு எடுத்துரலாம்."

மருமகளுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப் போயிருந்தது. வளைகாப்புக்கு இப்போதே தயாராகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பீரோவைத் திறந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்து, அதன் நிறத்துக்குச் சரியாக ஜாக்கெட் துணி பார்க்க வேண்டுமே என்று பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பினேன். பேரங்காடி வாசலில் சம்பந்தி காத்திருந்தார். காலில் புத்தம் புதுச் சப்பாத்து, முதுகில் அவர் உயரத்துக்குப் பாதி வரும் ஒரு பை.

"அது என்ன கையில?" என்றார்.

"பட்டுப்புடவ. கலர் பாக்க வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். பிறகு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "குளிர் ஜாக்கெட்டுலா. மலைக்குப் போடற ஜாக்கெட். உங்க மகன் உங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. அவன் எப்போதும் முக்கியமானதை மாமியாரிடம்தான் சொல்வான்.

நாங்கள் இருவரும் எப்படி மலைக்குப் போகிறவர்கள் ஆனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி என் மருமகளின் அம்மா. செட்டிநாட்டு வழி வந்த குடும்பம், இங்கே மலேசியாவில், ஈப்போவில் துணிக்கடை. கணவர் இறந்த பிறகு கடையைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். நான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். அதே ஈப்போவில், புந்தோங்கில் குடியிருக்கிறேன். உறைந்த மீனும் கோழியும் வைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் சரக்கு சரிபார்ப்பது என் வேலை. பிள்ளைகள் விரும்பிக் கட்டிக்கொண்டதால் நாங்கள் சம்பந்தி ஆனோம். தீபாவளிக்கு ஒருமுறை, கோவில் திருவிழாவுக்கு ஒருமுறை என்று முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசிக்கொள்வோம். அதற்குமேல் பழக்கமில்லை.

மகனும் மருமகளும் நேப்பாளத்தில் மலை நடைக்குப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மலை வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் பயணம். பிறகுதான் குழந்தைச் செய்தி. அதைச் சொல்லத்தான் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடியிருந்தோம். எல்லாரும் சந்தோஷப்பட்டு முடித்த பிறகு மகன் கொஞ்சம் முகம் வாடிச் சொன்னான். "பயணந்தான் வீணாப் போச்சு. வேற யாராச்சும் எங்களுக்குப் பதிலா போலாம்னு பயணக் கம்பெனில சொல்றாங்க. யாரு போவா?"

சம்பந்தி வாயில் இருந்த கேசரியை விழுங்கிவிட்டு, "நான் போறேன்" என்றார்.

எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தோம். அடுத்து என் குரல் எனக்கே கேட்டது. "நானும்."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. என் கணவர் கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்திருந்தார். மருமகள் தன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேருமா? சேர்ந்தா?" என்று கேட்டாள். டாக்டர் இரண்டு பேரையும் சோதித்து, முழங்கால் நன்றாக இருக்கிறது, நெஞ்சும் நன்றாக இருக்கிறது, போகலாம் என்றார். தடுப்பதற்கு யாரிடமும் காரணம் மிஞ்சவில்லை.

அப்படித்தான் நான் பட்டுப்புடவையோடு மலைச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தேன்.

கடையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். தலையில் முக்காடு, மணிக்கட்டில் கயிறு கயிறாக வளையம். தானே பல மலைகள் ஏறியவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மேலே காற்று கடுமையாக இருக்கும் என்று என் மகன் சொன்னதைச் சம்பந்தி மலாயில் விளக்கினார். அவள் தலையாட்டிவிட்டு, கொக்கியிலிருந்து ஒரு ஃபிலீஸ் ஜாக்கெட்டை எடுத்தாள். பூனைக்குட்டி போல அவ்வளவு மெத்தென்று இருந்தது. நான் உடனே கன்னத்தில் வைத்துக்கொண்டேன். இதுவே போதும் என்று தோன்றியது.

அவள் சிரித்துக்கொண்டே துணியை என் வாயருகே பிடித்து, ஊதச் சொன்னாள். மறுபக்கம் சம்பந்தியின் உள்ளங்கையை வைத்தாள். ஊதினேன்.

"அய்ய, நல்லா சூடா வருது" என்றார் சம்பந்தி.

காற்றும் அப்படித்தான் உள்ளே வரும் என்றாள் அந்தப் பெண். நின்றுகொண்டிருக்கும்போது கதகதப்பாக இருக்கும், காற்று வீசினால் போட்டிருப்பதே தெரியாது. அடுத்து இன்னொன்றைக் கொடுத்தாள். அதில் துணிக்கு நடுவே காற்றுப் புகாத சவ்வு ஒன்று ஒட்டியிருந்தது. நான் கன்னம் உப்ப ஊதியும் ஒன்றும் போகவில்லை. கண்தான் பிதுங்கியது. ஆனால் போட்டுக் கையை ஆட்டினால் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பது போலச் சத்தம். மூன்றாவது, உள்ளே பஞ்சுபோல, வெளியே வழவழவென்று நெருக்கமாக நெய்தது. ஊதினால் கொஞ்சமே கொஞ்சம் போனது.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. கடையில் தொங்கிய ஒவ்வொரு ஜாக்கெட்டையும் ஊதினோம். நான் ஊத அவர் கை வைப்பார், அவர் ஊத நான் கை வைப்பேன். எனக்கு மயக்கமே வருவது போல் இருந்தது. பக்கத்தில் தொப்பி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு தானும் ஒரு ஜாக்கெட்டை எடுத்து, யாரும் கேட்காமலே, வாயில் வைத்து ஊதினார். கை வைக்க ஆள் இல்லாததால் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி போய்க் கை வைத்தார். "வருது அங்கிள்" என்றார்.

ஊதி முடித்ததும் சம்பந்தி துணிக்கடைக்காரர் ஆகிவிட்டார். கட்டைவிரல் நகத்தால் துணியை அழுத்தித் தேய்த்தார். உள்பக்கத்தைப் புரட்டித் தையலை இழுத்துப் பார்த்தார். மெத்தென்று இருந்ததைக் காட்டி, "இது ரெண்டு தடவ துவைச்சா சின்னச் சின்ன உருண்டையா வந்துரும். பைப்பட்டி உரசற எடத்துல முதல்ல போவும்" என்றார். கடைப்பெண் அதை ஒப்புக்கொண்டு, தோளின் உச்சியில் தையல் இருந்தால் பட்டி அதை அழுத்திப் புண்ணாக்கும் என்று தன் பங்குக்குச் சொன்னாள். இடுப்புப் பட்டி மாட்டினால் கீழே இருக்கும் பாக்கெட் மறைந்துவிடும், அதனால் பாக்கெட் நெஞ்சுக்கு அருகில் இருக்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் என் உடம்பையே பொம்மைபோல் வைத்துக்கொண்டு பட்டியை இழுத்து இழுத்துக் காட்டினார்கள்.

கடைசியில் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம்.

"மூணாவது நல்லா இருந்துச்சே?" என்றேன்.

"மொத கடையில எடுக்கறதில்ல சம்பந்தி. நாலு எடம் பாத்துட்டுத்தான்."

அப்போதுதான் எனக்கு ஒரு வீம்பு வந்தது. இந்த ஊரில் குளிரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? தினமும் குளிர்க்கிடங்குக்குள் போய் வருகிறவள் நான். கம்பெனி கொடுத்த தடித்த கோட்டு இருக்கிறது. "எனக்கு ஜாக்கெட்டே வேணாம். எங்கிட்ட கோட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். "போட்டு நடந்து பாத்துருவோமா?" என்று சம்பந்தி கேட்டார்.

அடுத்த வாரம் கோலா கங்சார் பக்கம் போனோம். நான் பிறந்த தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. பின்னால் இருக்கும் குன்றின் மேல் ஒரு செம்மண் சாலை ஏறுகிறது. இரவு மழை பெய்து விடியல் குளிர்ந்திருந்தது. நான் கம்பெனிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். சம்பந்தி தன் கணவரின் பழைய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். சுமை பழகட்டும் என்று இரண்டு பேர் முதுகுப் பையிலும் என் கணவர் அரிசி மூட்டை வைத்துக் கட்டி அனுப்பியிருந்தார். பையைத் தூக்கி மாட்டும்போது, "அரிசிய சிந்தாம கொண்டாந்துருங்க" என்று சொன்னார்.

பாதி ஏறுவதற்குள் கோட்டுக்குள் நான் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு ஆகிவிட்டேன். முதுகில் வியர்வை ஓடியது. கழற்றினால் தோற்றுப் போனதாகிவிடும் என்று கழுத்துவரை பொத்தான் போட்டு நடந்தேன். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். பழக்குலை அறுக்கும் நீண்ட கத்தியைப் பக்கவாட்டில் கட்டியிருந்தார்.

"என்னக்கா, காய்ச்சலா?"

"இல்லண்ணே. நேப்பாளத்துக்குப் போறோம்."

அவர் சாலையின் மேல்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒருகணம் யோசித்தார். "இந்த ரோடு அங்கயா போவுது?"

சம்பந்தி அரிசி மூட்டையோடு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்தேன், நானும் விழுந்தேன். மோட்டார் சைக்கிள்காரர் பயந்து போய், "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டார். அது இன்னும் சிரிப்பைத்தான் கிளப்பியது.

குன்றின் உச்சியில் மரங்கள் இல்லை. மழை முடிந்த காற்று பள்ளத்தாக்கிலிருந்து நேராக ஏறி வந்தது. வியர்வையில் நனைந்த கோட்டு ஒரு நிமிடத்தில் ஐஸ் துணியாகி முதுகில் ஒட்டியது. பல் தந்தியடித்தது. தோட்டத்து வெயிலில் வளர்ந்தவள், பிறந்த மண்ணிலேயே நின்று நடுங்கினேன். சம்பந்தியின் ஸ்வெட்டர் நனையவில்லை, ஆனால் அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் காற்று புகுந்து வெளியே போனது.

"சல்லடையப் போட்டுக்கிட்டு நிக்கறேன்" என்றார்.

"நான் ஈரச்சாக்கப் போட்டுக்கிட்டு நிக்கறேன்" என்றேன்.

கிடங்கில் நான் குளிரில் நிற்பேன், பெட்டியை எண்ணுவேன், வெளியே வந்துவிடுவேன். மூட்டை சுமந்து ஏறுவது வேறு சங்கதி. வியர்வை வெளியே போக வேண்டும், காற்று உள்ளே வரக் கூடாது. இரண்டும் ஒரே துணியில் வேண்டும். அந்தக் குன்றில்தான் எங்களுக்கு எப்படிப்பட்ட ஜாக்கெட் வேண்டும் என்று தெரிந்தது.

பண்டல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கிற கடை அது. சம்பந்தி அப்படிப்பட்ட கடைக்குள் கால் வைத்ததே இல்லை. புதுத்துணி விற்ற குடும்பம் அல்லவா. வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "யாரு போட்டதோ..." என்று இழுத்தார். சரி, பார்க்க மட்டும் பார்ப்போம் என்று உள்ளே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம். தேடினால், ஜாக்கெட் குவியலுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். வெளியே துணிகள் பறந்துகொண்டிருந்தன. "இது வேணாம். இது உருண்ட. இது ஜிப்பு போச்சு. இது நல்ல துணி, ஆனா கொழந்த சைசு" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கையில் கரும்பச்சையில் ஒன்று இருந்தது.

வெளிப்பக்கம் வழவழப்பு, உள்ளே பஞ்சு. தோளிலும் முழங்கையிலும் தடித்த துணி வைத்துத் தைத்திருந்தது. பாக்கெட் நெஞ்சருகே. யாரோ நிறைய நடந்திருக்கிறார்கள். முழங்கையில் நிறம் மங்கியிருந்தது. ஆனால் எங்கும் ஒரு உருண்டை இல்லை, ஒரு இழை பிரியவில்லை.

"இவ்ளோ உழைச்சும் பாருங்க எப்படி நிக்குதுன்னு" என்றார். குரலில் பக்தி இருந்தது. நான் உடனே கை வைத்தேன். அவர் ஊதினார். கொஞ்சமே கொஞ்சம் வந்தது.

ஆனால் ஒன்றுதான் இருந்தது.

"நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார்.

"சேச்சே, கண்டுபிடிச்சது நீங்க. நீங்கதான் எடுத்துக்கணும்."

"கடையக் காட்டுனது நீங்கதானே."

"உங்களுக்குத்தான் அந்தக் கலர் எடுப்பா இருக்கும்."

இப்படி மரியாதை முற்றி, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து எதிராளியின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம். உண்மையில் இரண்டு பேருக்குமே அது வேண்டும். கல்லாவில் இருந்த பையன் பாடல் கேட்டுக்கொண்டிருந்த கருவியைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு எங்களையே பார்த்தான். கடைசியில் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சம்பந்தி என்னைவிட உயரம். அவருக்குக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. தோற்றம் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வீடு வரும்வரை என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாளே அவர் முதல் கடைக்குப் போய் அந்த மூன்றாவது ஜாக்கெட்டை வாங்கிவிட்டார். பழுத்த பப்பாளி நிறம். ஆண்கள் அளவு, ஏனென்றால் அதில்தான் பாக்கெட் பெரிது. போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே, "பொறாமையா?" என்று கேட்டிருந்தார். எங்கள் முறுக்குத்தட்டு மரியாதை எப்போது இந்த அளவுக்கு வந்தது என்று புரியாமல் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றுக்குச் சோதனை வேண்டாமா? கிடங்கில் குளிரை ஊதித் தள்ளும் பெரிய விசிறிகள் இருக்கின்றன. சீன சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நான் கேட்டதை இரண்டு முறை திரும்பக் கேட்டார். "லீமா மினிட்" என்று ஐந்து விரலைக் காட்டிவிட்டு, தானே கதவருகே நின்றுகொண்டார்.

மீன் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே, பச்சையும் பப்பாளியுமாக, தொப்பியை இழுத்துவிட்டு விசிறிக்கு நேர் எதிரே நின்றோம். சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி பனி படிந்து வெள்ளையாகிவிட்டது. "எங்க இருக்கீங்க?" என்று கையை நீட்டித் தேடினார். காற்று முகத்தில் அறைந்தது. கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். குனியச் சொன்னேன், குனிந்தார். பை மாட்டி நடப்பது போல நடந்து காட்டச் சொன்னேன். அவர் நடந்தது தேர் வருவது போல் இருந்தது. அதைப் பார்த்து நானும் நடந்தேன். சீக்கிரமே அது நடையாக இல்லை, ஆட்டமாகிவிட்டது. சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிற வங்காளதேசத்துத் தம்பி ஹாரன் அடித்துத் தாளம் போட்டான். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஐந்து நிமிடம் தாண்டியும் எங்களை வெளியே கூப்பிடவில்லை.

"குளுருதா?" என்று கத்தினேன்.

"மூக்கு மட்டும். உங்களுக்கு?"

எனக்கு நெஞ்சின் நடுவில் ஒரு கோடு மட்டும் சில்லென்று இருந்தது. யாரோ ஐஸ் குச்சியால் மேலிருந்து கீழே வரைந்தது போல. வெளியே வந்து சம்பந்தி பார்த்துச் சொன்னார், ஜிப் வழியாகக் காற்று வருகிறது என்று. அவருடையதில் ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை இருந்தது, என்னுடையதில் இல்லை. கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் திரும்பி வந்தபோது, உள்பக்கம் கறுப்புப் பட்டை ஒன்று ஜிப்பின் நீளத்துக்கு ஓடியது. தாடையில் ஜிப் உரசாமல் மேல்முனையில் சின்ன மடிப்பும் வைத்திருந்தார். மிஷினில் தைத்ததா, கையால் தைத்ததா என்று சொல்ல முடியாத தையல்.

"நீங்களே தைச்சீங்களா?"

"கை சும்மாவே இருந்துச்சு, ரொம்ப நாளா" என்றார். நான் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

நேப்பாளத்தில் முதல் சில நாள் வெயில்தான். ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தோம். மலை வாசலுக்கு ஏறிய காலையில்தான் காற்று வந்தது. காட்டில், கடற்கரையில், குன்றில் நான் பார்த்த எந்தக் காற்றும் அதற்கு ஈடாகாது. பாதையோரம் கட்டியிருந்த கொடிகள் கிழிந்துவிடுவது போல் படபடத்தன. முகத்தில் மணல் அடித்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே எனக்கு வேறு ஒரு பருவம் நடந்துகொண்டிருந்தது. முதுகு உலர்ந்திருந்தது. நெஞ்சில் கோடு இல்லை. ஜாக்கெட்டின் மேல் காற்று கையால் அறைவது காதில் கேட்டது, உள்ளே வரவில்லை. எனக்கு அது என்னவோ பெரிய தந்திரம் செய்துவிட்டது போல ஒரு களிப்பு. காற்றைப் பார்த்து நாக்கை நீட்டினேன். உடனே நாக்கு உறைந்தது.

சம்பந்தி எனக்கு முன்னால் உச்சிக்கு ஏறிவிட்டார். பப்பாளி நிறம் வானத்தில் ஒட்டியது போலத் தெரிந்தது. திரும்பி நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "சம்பந்தி, சீக்கிரமா வாங்க" என்றிருக்க வேண்டும். வார்த்தைகள் பாதியிலேயே பறந்துவிட்டன. மறுபடி சொன்னார், அதுவும் வரவில்லை. பிறகு கையை வாயில் குவித்து, உடம்பு முழுவதையும் சேர்த்துக் கத்தினார்.

"ஏய், வாடி!"

அது வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் போன வழிகாட்டித் தம்பிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவனும் நின்று திரும்பிப் பார்த்தான். என் பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர், வாங்க போங்க தவிர வேறு பேசாதவர், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

"வாரேன்டி" என்று நானும் கத்தினேன்.

மிச்ச ஏற்றத்தை எப்படி ஏறினேன் என்று தெரியாது. உச்சியில் நின்று பேசவே முடியவில்லை, காற்று விடவில்லை. தோளைத் தோள் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தோம். சரிவு முழுக்கப் பழுப்புப் புல், தூரத்தில் ஒரு வீட்டுப் புகை. வழிகாட்டித் தம்பி சைகையில், மெதுவாக இறங்க வேண்டும், கை பிடித்து இறங்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன் விளக்கி முடித்துத் திரும்பியபோது நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.